அப்டேட்டுக்குப் பிறகு அம்மாவின் போன்: மூன்று வார வேலைக் குறிப்பு

டயலரைத் தொட்டால் எண்பலகை வர ஒன்பது நொடி. அதுவரை வெள்ளைத் திரை. அம்மா பொறுமையிழந்து இன்னும் இரண்டு தட்டு தட்டுவாள். திரை திறந்ததும் அந்தத் தட்டுகள் பழைய அழைப்புப் பட்டியலில் போய் விழுந்து, யாரோ ஒருவருக்கு மணி அடிக்கும். இப்படித்தான் காஸ் சிலிண்டர் போடுகிறவருக்கு ஒரே காலையில் நாலு மிஸ்டு கால் போனது. அவர் திரும்பக் கூப்பிட்டு, "என்னம்மா, அதுக்குள்ள காலியா?" என்று கேட்டார்.

மூன்று வாரம் மல்லுக்கட்டி, போன ஞாயிற்றுக்கிழமை ஒருவழியாக அது இரண்டரை நொடிக்கு வந்தது. நோட்டில் குறித்து வைத்த எண்கள் கையில் இருக்கும்போதே எழுதி வைக்கிறேன்.

போன் 2019-ல் வாங்கியது. 3 ஜிபி ராம், 32 ஜிபி இடம், 3,000 எம்ஏஎச் பேட்டரி, பிளாஸ்டிக் முதுகு, அந்த முதுகிலேயே கைரேகைப் பொத்தான். கம்பெனி பெயர் வேண்டாம். அந்த வருடம் அந்த விலையில் வந்த போன்களுக்கெல்லாம் கிட்டத்தட்ட இதே உடம்புதான். பெரிய பதிப்பு மாற்றம் ஒன்று வெகுநாளாக வாசலில் நின்றுகொண்டிருந்தது. அம்மா தினமும் 'பிறகு' என்பதைத் தட்டிக்கொண்டே ஓட்டியிருக்கிறாள். தஞ்சாவூருக்குப் போயிருந்தபோது, "போட்டுவிடும்மா, பாதுகாப்புக்கு நல்லது" என்று சொன்னது நான்தான். அதனால் பழியும் வேலையும் என் தலையில்.

முதல் நாள் அளந்தது: டயலர் 9 நொடி, வாட்ஸ்அப் 19, கேமரா 12. அளந்த விதம் ரொம்ப சாதாரணம். போனை அணைத்துப் போட்டு, பத்து நிமிடம் விட்டு, என் போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து ஒவ்வொன்றையும் மூன்று தடவை திறந்து நடு எண்ணை எடுத்துக்கொண்டேன். இதைச் செய்யாமல் இருந்திருந்தால் பாதி வழியிலேயே ஏமாந்திருப்பேன். ஏதாவது ஒன்றை மாற்றியதும் 'வேகமாகிவிட்டது' என்றுதான் மனசு சொல்லும். ஸ்டாப்வாட்ச் அப்படிச் சொல்லாது.

முதல் இரண்டு இரவும் ஒன்றும் செய்யாமல் சார்ஜரில் போட்டு வைத்தேன். பெரிய அப்டேட்டுக்குப் பிறகு எல்லாச் செயலிகளையும் புதுப் பதிப்புக்கு ஏற்ப போன் மறுபடி தயார்செய்ய வேண்டியிருக்கிறது. அந்த வேலையைப் பெரும்பாலும் திரை அணைந்து, சார்ஜரில் சும்மா கிடக்கும்போதுதான் செய்கிறது. அம்மாவுக்கோ ராத்திரி போனைச் சார்ஜில் போட்டால் வெடித்துவிடும் என்று பயம். சாயங்காலம் ஒரு மணி நேரம் போட்டு எடுத்துவிடுவாள். என் மேற்பார்வையில் இரண்டு இரவு போட்டதில் டயலர் 6.8, வாட்ஸ்அப் 14, கேமரா 9 என்று இறங்கியது. காசு செலவில்லாமல் கிடைத்த ஆதாயம். அதோடு இன்னும் நாலு நாள் பொறுத்திருந்தால் ஒரு முட்டாள்தனத்தைத் தவிர்த்திருக்கலாம்.

முட்டாள்தனம் என்னவென்றால், ராம் சுத்தம் செய்யும் செயலி ஒன்றை ஏற்றியது. ராக்கெட் படம், பச்சை வட்டம், '780 எம்பி விடுவிக்கப்பட்டது' என்று ஒரு அறிவிப்பு. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அளந்தால் வாட்ஸ்அப் 14-லிருந்து 17-க்குப் போயிருந்தது. பின்னணியில் இருப்பதையெல்லாம் அது அடித்துச் சாத்துகிறது. அடுத்த நிமிடம் ஒவ்வொன்றும் முதலிலிருந்து எழுந்து வருகிறது. நடுவில் விளம்பரம் வேறு. மூன்றாம் நாள் தூக்கி எறிந்தேன்.

அடுத்து இடம். 32 ஜிபியில் 1.1 ஜிபிதான் காலி. இந்த விலைப் போன்களில் இருக்கும் சேமிப்புச் சில்லு நிரம்ப நிரம்ப எழுதுவதற்குத் திணறும். அப்டேட்டுக்கு முன்பே நிரம்பித்தான் இருந்தது; அப்டேட் வந்து இன்னும் கொஞ்சம் இடத்தைப் பிடித்துக்கொண்டது. வாட்ஸ்அப் கோப்புகள் எங்கே என்று பழைய இடத்தில் தேடினால் காலி அடைவு. ஆண்ட்ராய்டு 11-லிருந்து அது 'ஆண்ட்ராய்டு' அடைவுக்குள் 'மீடியா' என்பதற்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கவே எனக்கு அரை மணி நேரம் ஆனது. உள்ளே 9.6 ஜிபி. ரோஜாப்பூ, விநாயகர், சூரிய உதயம், ஆவி பறக்கும் காபி டம்ளர் என்று காலை வணக்கப் படங்கள் மட்டும் பதினோராயிரத்துச் சொச்சம். ஒரே முருகர் படம் எட்டு உறவினர்களிடமிருந்து எட்டுத் தடவை வந்திருந்தது.

முதலில் நினைத்தது, எதையும் அழிக்காமல் மெமரி கார்டை உள்சேமிப்பாக இணைத்துவிடலாம் என்று. மேஜை இழுப்பறையில் கிடந்த 16 ஜிபி கார்டைப் போட்டேன். 'இந்த கார்டு மெதுவானது' என்று போனே எச்சரித்தது. நான் பெரிய மனுஷன், கேட்கவில்லை. கார்டின் மேல் வட்டத்துக்குள் 4 என்று இருந்தது. நொடிக்கு 4 எம்பி எழுதினால் போதும் என்ற தரம். செயலிகள் பாதி அதற்கு இடம் மாறியதும் வாட்ஸ்அப் 23 நொடி. அப்படி இணைத்த கார்டை உருவி வேறு எதிலும் போட்டுப் படிக்க முடியாது, அந்தப் போனுக்கென்று பூட்டிவிடும். எல்லாவற்றையும் திரும்ப உள்ளே கொண்டுவந்து கார்டைக் கழற்ற ஒரு முழு மத்தியானம் போனது.

சரி, அழிப்போம் என்று உட்கார்ந்தேன். முன்ஜாக்கிரதையாகக் கேமரா அடைவு முழுவதையும் லேப்டாப்பில் நகல் எடுத்தேன். வாட்ஸ்அப் படங்களில் அம்மாவோடு உட்கார்ந்து வேண்டியதைப் பிரித்தேன். பேரன் படங்கள், கல்யாணப் படங்கள், தேங்காய்க் கணக்கு நோட்டின் படங்கள் தனியாக. மீதியை அழித்தேன். படங்களின் அடைவுக்குள் 'சென்ட்' என்று இன்னொரு அடைவு இருந்தது, 1.8 ஜிபி. அனுப்பிய படங்களின் நகல்தானே, அசல் கேமராவில் இருக்கிறதே என்று அம்மாவைக் கேட்காமல் அதையும் சேர்த்து அழித்தேன்.

ராத்திரி சாப்பிடும்போது அம்மா கேட்டாள்: "மார்கழிக் கோலமெல்லாம் எங்கடா?"

மார்கழி முப்பது நாளும் வாசலில் போடுகிற கோலத்தைப் படமெடுத்துக் குடும்பக் குழுவில் போடுவது அவள் வழக்கம். போன் நிரம்பும்போதெல்லாம் யாரோ சொன்னபடி கேமராப் படங்களை அழித்துவிடுவாளாம். "வாட்ஸ்அப்லதான் இருக்கே." ஆமாம், நான் அழிக்கும் வரை இருந்தது. அசல் போய் வருஷக்கணக்காகிவிட்டது. அந்த 'சென்ட்' அடைவுதான் அவளுடைய ஆல்பம். பெங்களூரில் இருக்கும் அக்காவின் போனில் தேடச் சொன்னோம். கடைசி இரண்டு மார்கழி கிடைத்தது. அதற்கு முந்தையது இல்லை. அம்மா திட்டவில்லை. "புள்ளி கணக்கு நோட்டுல இருக்கு, போ" என்று ரசத்தை ஊற்றினாள். திட்டியிருந்தால் தேவலை.

இடம் நிறையக் காலியானது. டயலர் 5, வாட்ஸ்அப் 9, கேமரா 7. இவ்வளவு பெரிய முன்னேற்றத்தை அன்றைக்கு யாரும் கொண்டாடவில்லை.

மறுநாள் டெவலப்பர் அமைப்புகள். 'போனைப் பற்றி' என்ற பக்கத்தில் பில்டு எண்ணை ஏழு தடவை தட்டினால் திறக்கும். அதில் அனிமேஷன் அளவு பற்றி மூன்று வரிகள் இருக்கும். மூன்றையும் 1-லிருந்து 0.5 ஆக்கினேன். ஸ்டாப்வாட்சில் பெரிய வித்தியாசமில்லை, டயலர் 4.6. ஆனால் திரை வழுக்கி வழுக்கி வருவது நின்று, டக்கென்று மாறியது. அம்மா முதல் தடவையாக "இப்ப பரவால்ல" என்றாள். அதே பக்கத்தில் பின்னணிச் செயலிகளுக்கு வரம்பு வைக்கும் வரி ஒன்று உண்டு. கை சும்மா இருக்காமல் அதைப் 'பூஜ்யம்' ஆக்கினேன். அடுத்த நாள் முழுக்க வாட்ஸ்அப் அழைப்பு ஒன்றுகூட மணி அடிக்கவில்லை. "அம்மாவுக்கு என்ன ஆச்சு?" என்று அக்கா என் எண்ணுக்கு அழைத்த பிறகுதான் தெரிந்தது. பழையபடி மாற்றினேன். அந்த வரியைத் தொடவே வேண்டாம்.

உருப்படியான துப்பு கிடைத்தது பாதுகாப்பு முறையில். பவர் பொத்தானை அழுத்தி, திரையில் வரும் 'அணை' என்பதை விடாமல் பிடித்தால் பல போன்கள் பாதுகாப்பு முறையில் தொடங்கட்டுமா என்று கேட்கும். அதில் நாம் ஏற்றிய செயலிகள் எதுவும் ஓடாது. அப்படித் தொடங்கிப் பார்த்தால் டயலர் 2.5 நொடி, கேமரா 4.5! அப்படியென்றால் அப்டேட் மட்டும் காரணமில்லை, ஏற்றி வைத்திருக்கும் எதுவோ கழுத்தைப் பிடிக்கிறது. இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை, எதையும் அழிக்காத வேலை.

செயலிப் பட்டியலை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். இது எதுக்கும்மா? "தெரியலையே, அதுவா வந்துச்சு." டார்ச் செயலி இரண்டு (போனிலேயே டார்ச் இருக்கிறது). ராசிபலன் காலண்டர் ஒன்று, பூட்டுத்திரையில் விளம்பரம் போடுவது. அழைப்பவர் யாரென்று காட்டும் செயலி ஒன்று. டயலர் திறக்கும்போதெல்லாம் அதுவும் மேலே வந்து உட்காரும். தீம் ஒன்று, கீபோர்டு மூன்று. மொத்தம் பதினாலு கழித்தோம். ராசிபலனுக்கு மட்டும் அம்மா கொஞ்சம் தயங்கினாள். தினசரிக் காலண்டரைச் சுவரில் மாட்டித் தருவதாக ஒப்பந்தம். டயலர் 2.8, வாட்ஸ்அப் 7, கேமரா 5.

இங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கூடவே வந்த, அழிக்க முடியாத செயலிகளைக் கம்ப்யூட்டரோடு கேபிளில் இணைத்து, அங்கிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் ஏடிபி என்ற கருவி வழியாக நீக்க முடியும். உண்மையில் அந்தப் பயனருக்கு மட்டும் நீக்குகிறது. கோப்பு உள்ளேயே இருப்பதால் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளலாம். பதினொன்றை நீக்கினேன். அதில் ஒன்று எழுத்தைப் பேச்சாக்கும் செயலி. யார் அழைக்கிறார்கள் என்று போன் வாயால் சொல்லும் வசதி அதோடு போய்விட்டது. அம்மா அடுப்படியில் கை ஈரமாக இருக்கும்போது அதை வைத்துத்தான் எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வாளாம். ஒரே கட்டளையில் திரும்பி வந்தது. மற்ற பத்தும் போனதில் நேரக்கணக்கில் ஒன்றும் மாறவில்லை, 700 எம்பி இடம் மிச்சம், அவ்வளவுதான்.

பிறகு ஃபாக்டரி ரீசெட். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: ரீசெட் செய்தால் பழைய பதிப்பு திரும்பாது. புதுப் பதிப்பேதான், துடைத்த பலகையாக வரும். பழைய பதிப்புக்கு இறக்க, போனைத் தொடங்கி வைக்கும் பூட்லோடர் என்ற நிரலின் பூட்டைப் பெரும்பாலும் திறக்க வேண்டியிருக்கும். திறந்த போனில் வங்கிச் செயலிகள் பல ஓட மறுக்கும். அம்மா பால்காரருக்குக் காசு அனுப்புவதே இதில்தான், அதனால் அந்தப் பக்கம் போகவில்லை.

ரீசெட்டுக்கு முன் செய்தது: கூகுள் கணக்கின் கடவுச்சொல் தெரிகிறதா என்று என் லேப்டாப்பில் உள்நுழைந்து சோதித்தேன். தெரியவில்லை. ஐந்து வருடம் முன்பு கடைக்காரப் பையன் போட்டுக் கொடுத்தது. கையில் போன் இருக்கும்போதே மாற்றி, காலண்டர் அட்டையின் பின்னால் எழுதினோம். வாட்ஸ்அப் பேக்கப் வீடியோ இல்லாமல் 1.3 ஜிபி. இப்போது இது கூகுளின் இலவச 15 ஜிபி கணக்கில் சேர்கிறது, அதனால் அந்தப் பக்கமும் இடம் பார்க்க வேண்டியிருந்தது. யுபிஐ மறுபடி பதிவு செய்யும்போது அந்த சிம்மிலிருந்தே ஒரு எஸ்எம்எஸ் போக வேண்டும். ரீசார்ஜ் காலாவதியாகியிருந்ததால் போகவில்லை, காரணம் புரிய இருபது நிமிடம். காலை பத்து மணிக்குத் தொடங்கியது, விளக்கு வைக்கும் நேரத்துக்கு முடிந்தது. டயலர் 2.4, வாட்ஸ்அப் 5, கேமரா 4.

ஆனால் சாயங்காலம் பேட்டரி 30 சதவீதத்துக்கு இறங்கியதும் அதே போன் டயலருக்கு 4.5 நொடி எடுத்தது. 22-ல் பட்டென்று அணைந்தது. சார்ஜ் ஏறும்போது கொள்ளளவை மதிப்பிடும் செயலி ஒன்றை நாலு நாள் ஓடவிட்டேன்: 3,000-க்கு 1,740 எம்ஏஎச். தேய்ந்த பேட்டரி கேட்ட வேகத்தில் மின்சாரம் தர முடியாமல் போனால் போன் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்வது புதுச் செய்தியல்ல. பழைய பேட்டரி உள்ள ஐபோன்களில் அப்படிச் செய்வதாக 2017 டிசம்பரில் ஆப்பிளே ஒப்புக்கொண்டு, அடுத்த ஆண்டு முடியும்வரை பேட்டரி மாற்றும் விலையை 79 டாலரிலிருந்து 29 ஆக்கியது. அம்மாவின் போன் உள்ளே என்ன செய்கிறதோ, பேட்டரியை மாற்றிப் பார்க்க இந்த எண்கள் போதும்.

திருச்சி சிங்காரத்தோப்பில் ஒரு கடையில் 350 ரூபாய்க்கு வாங்கினேன். மேலே '4,500' என்று அச்சு. அதே அளவு அட்டைக்குள் ஒன்றரை மடங்கு எப்படி என்று அப்போது தோன்றவில்லை. மாற்றி அளந்தால் 2,050. பிறகு அடுப்படித் தராசில் வைத்தேன்: பழையது 46 கிராம், புதியது 36. பத்து கிராம் குறைவாக இருப்பது ஒன்றரை மடங்கு கொடுக்காது. இரண்டாவதாக, அதே மாடலின் அசல் பேட்டரியை 1,150 கொடுத்து வரவழைத்தேன். 46 கிராம். மாற்றிய பிறகு 2,880.

கழற்றும் வேலையைப் பற்றி. பேட்டரியை 20 சதவீதத்துக்குக் கீழே இறக்கிவிட்டு, அணைத்து, முதலில் சிம் தட்டை உருவ வேண்டும். நான் மறந்து, அது மாட்டிக்கொண்டு மூடி வளைந்தது. ஓரத்தில் பழைய பிளாஸ்டிக் கார்டை நுழைத்துச் சுற்றி வந்தால் கொக்கிகள் டிக் டிக் என்று விடும். கடைசிக் கொக்கி விட்டதும் மூடியைத் தூக்கினேன். தூக்கியிருக்கக் கூடாது. கைரேகைப் பொத்தானின் நாடாக் கேபிள் மூடியில் ஒட்டி, மறுமுனை போர்டில் செருகியிருக்கிறது. சர்ரென்று கிழிந்தது. புத்தகம் திறப்பதுபோல் ஒரு பக்கமாகச் சாய்த்துத் திறந்து, முதலில் அதன் முனையைக் கழற்ற வேண்டும். அம்மாவிடம் பயந்துகொண்டே சொன்னேன். "அது எனக்கு என்னைக்குடா வேலை செஞ்சுது?" என்றாள். புளி கரைத்து, பாத்திரம் தேய்த்த விரலை அது ஒருநாளும் அடையாளம் கண்டதில்லையாம். ஐந்து வருடமாக நாலு எண் கடவுச்சொல்தான். புதுக் கேபிள் போடவில்லை.

உள்ளே திருகுகள் பதின்மூன்று. கையிலிருந்த முனை ஒரு அளவு பெரியது, முதல் திருகின் தலை தேய்ந்தது. 249 ரூபாய்க்கு '000' என்று அளவு போட்ட சின்ன முனை உள்ள செட் வாங்கிய பிறகே நகர்ந்தது. திருகில் இரண்டு நீளம். நீளமானதைக் குட்டைக் குழியில் போட்டு இறுக்கினால் போர்டைத் துளைக்கும். வெள்ளைத்தாளில் போனின் படம் வரைந்து, திருகை எடுத்த இடத்திலேயே செல்லோடேப்பால் ஒட்டினேன். பேட்டரியை நெம்பும் முன் அதன் இணைப்பைக் கழற்றியாக வேண்டும். பசைக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஓரத்தில் நாலு சொட்டு, ஐந்து நிமிடம் பொறுத்து பிளாஸ்டிக் கார்டால் மெதுவாக. எந்த இரும்பும் பக்கத்தில் வரக்கூடாது, பேட்டரி வளையவும் கூடாது. போலி பேட்டரியால் இதையெல்லாம் இரண்டு தடவை செய்தேன்; இரண்டாவது தடவை நாற்பது நிமிடம்.

இப்போது 90 சதவீதத்திலும் 30 சதவீதத்திலும் ஒரே கணக்கு: டயலர் 2.4, வாட்ஸ்அப் 5, கேமரா 4.

செலவு: திருகு செட் 249, போலி பேட்டரி 350, அசல் 1,150, ஆல்கஹால் 120, படங்கள் வைக்க மட்டும் ஒரு நல்ல 64 ஜிபி கார்டு 550. மொத்தம் 2,419 ரூபாய், பஸ் காசு தனி. புது போன் எப்படியும் பத்தாயிரத்தைத் தொடும். இனி இந்தப் போனுக்குப் பெரிய அப்டேட் வராது, பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுவிட்டன. அதனால் யுபிஐயில் பென்ஷன் கணக்கை எடுத்துவிட்டு, இரண்டாயிரத்துக்கு மேல் வைக்காத ஒரு சின்னக் கணக்கை இணைத்தோம்.

அடுத்த தடவை என்றால் இரண்டு இரவு சார்ஜர், பிறகு பாதுகாப்பு முறை, பிறகு பேட்டரி மதிப்பீடு. எதையும் அழிக்கும் முன், பெயரைப் பார்த்து முடிவு கட்டாமல், போன் முழுவதையும் லேப்டாப்பில் நகல் எடுப்பேன்.

கேமராவின் நாலு நொடி மட்டும் அதற்கு மேல் இறங்கவில்லை. அம்மா அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறாள். கோலம் முடிந்ததும் மாவுக் கிண்ணத்தை வைக்க உள்ளே வருவாள். அலமாரியில் இருக்கும் போனில் கேமராவைத் தொட்டுவிட்டு, கையைக் கழுவித் துடைத்து, எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவாள். அதற்குள் அது திறந்திருக்கும்.